நூலைப் பிடித்த விரல்: ஃப்ளை கட்டும் பாபினின் கதை



கடந்த சில மாதங்களாக நம் வளாகத்தில் ஒரு புதிய பொழுதுபோக்கு எட்டிப் பார்த்திருக்கிறது. கோடை விடுமுறையில் மலைப் பக்கம் போய் ஃப்ளை ஃபிஷிங் பார்த்துவிட்டு வந்த சிலர், ஆன்லைனில் "ஃப்ளை டையிங் கிட்" வாங்கியிருக்கிறார்கள். பெட்டியில் ஒரு சின்ன வைஸ், கத்தரிக்கோல், கொஞ்சம் இறகு, தூண்டில் முட்கள், நூல்கண்டு, பாபின் எல்லாம் இருக்கும். ஆசையாக ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வாரமே பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. எனக்குக் கை வரவில்லை."

கை வராததுதான் காரணமா? பெரும்பாலும் இல்லை. பெட்டியில் இருக்கும் பொருள்களிலேயே சாதாரணமாகத் தெரிகிற அந்தப் பாபின்தான் பல சமயம் நூலை அறுக்கிறது. நல்ல பாபினைத் தேர்ந்தெடுக்க விலைப்பட்டியலைப் பார்ப்பதைவிட, அந்தக் கருவி எதற்காக வந்தது என்ற வரலாற்றைப் பார்ப்பது அதிகம் உதவும். இந்த இதழில் அதைப் பார்க்கலாம்.

முதலில், தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஃப்ளை என்பது செயற்கைப் பூச்சி. தூண்டில் முள்ளின் தண்டில் இறகு, ரோமம், கம்பளி இவற்றை நூலால் சுற்றிக் கட்டி, மீன் நம்புகிற மாதிரி ஒரு பூச்சியைச் செய்கிறார்கள். பசை பெரிய விஷயம் இல்லை. எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது நூல்தான். பாபின் என்றதும் தையல் மிஷினின் அடியில் போடும் சிறிய உருளை நினைவுக்கு வரும். இது வேறு. நூல்கண்டை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும் இரு கம்பிக் கரங்கள், அவை சேரும் இடத்தில் ஒரு மெல்லிய குழாய். நூல் அந்தக் குழாய் வழியாக வெளியே வரும். பேனாவைப் பிடிப்பதுபோல் இதைப் பிடித்து, முள்ளைச் சுற்றி நூலை ஓட்டவேண்டும்.

கருவியே இல்லாத காலம்

செயற்கை ஈயைப் பற்றிய பழைய குறிப்புகளில் பெயர்பெற்றது ரோமானிய எழுத்தாளர் ஏலியன் எழுதியது. அவர் 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். மாசிடோனியாவில் ஆஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றங்கரை மக்கள், முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளியைக் கட்டி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளை அதில் பொருத்தி மீன் பிடித்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். நிஜ ஈயைப் பிடித்து முள்ளில் குத்தினால் அதன் நிறமும் சிறகும் கெட்டுப்போகும். அதனால்தான் செயற்கை ஈ.

அடுத்த முக்கியமான ஆவணம் இங்கிலாந்தில் 1496இல் அச்சானது. டேம் ஜூலியானா பெர்னர்ஸ் எழுதியதாகச் சொல்லப்படும் அந்தத் தூண்டில் நூலில், மாதவாரியாக 12 ஃப்ளைகளுக்கான செய்முறை உண்டு. 1653இல் ஐசக் வால்டன் வெளியிட்ட தூண்டில் நூல் புகழ்பெற்றது. அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் அவருடைய நண்பர் சார்ல்ஸ் காட்டன் இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தார். ஃப்ளை கட்டும் முறையை அதில் படிப்படியாகச் சொல்கிறார்: முள்ளை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடி, வலது கையால் பட்டு நூலைச் சுற்று. வைஸும் இல்லை, பாபினும் இல்லை. இரண்டு கைகளே பட்டறை.

இது நமக்குப் பழகிய காட்சிதான். கோயில் வாசலில் பூ கட்டுபவர்களைப் பாருங்கள். மல்லிகையை இடது கை விரல்களுக்கு நடுவில் பிடித்து, வலது கையால் நூலைச் சுற்றிச் சுருக்குப் போடுகிறார்கள். நூலின் மறுமுனையைச் சிலர் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார்கள். நூல் தளர்ந்தால் பூ உதிரும். அதிகம் இழுத்தால் காம்பு நறுங்கிவிடும். எவ்வளவு இழுப்பது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. விரலுக்குத் தெரியும்.

ஃப்ளை கட்டுவதும் இதே கணக்குதான். விரல் மூன்று வேலைகளைச் செய்தது: நூலை விடாமல் பிடித்தது, அறுகிற நிலைக்கு முன்பே கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, நூலை எங்கும் உரசிக் கெடுக்காமல் வழிகாட்டியது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசிவரை இவை கூடவே வரும்.

மீனையே தாங்கிய நூல்

அந்தக் காலத்து நூல் பட்டு நூல். அதைக் கட்டுவதற்கு முன் மெழுகு பூசுவார்கள். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் கெட்டி மெழுகு இதற்கு மிகவும் பிடித்தமானது. மெழுகு பூசிய பட்டுக்கு ஒரு நல்ல குணம்: சுற்றிய இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நொடி கையை விட்டாலும் உடனே பிரிந்துவிடாது. சுமார் ஒரு முழ நீளத்துக்கு வெட்டிக்கொண்டு கட்டினார்கள்; வெறும் விரலால் பிடிக்க அதற்கு மேல் நீளம் வசதிப்படாது.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை இந்த நூலுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. அன்றைய ஃப்ளை முட்கள் பெரும்பாலானவற்றுக்குக் கண் கிடையாது, அதாவது கயிறு கோக்கும் ஓட்டை இல்லை. குதிரை வால் முடியையோ, பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்து எடுத்த நரம்பையோ முள்ளின் தண்டோடு வைத்து, பட்டு நூலால் இறுகச் சுற்றிக் கட்டினார்கள். அந்தக் கட்டின் மேல்தான் இறகும் ரோமமும் ஏறின. நூல் நழுவினால் அலங்காரம் மட்டும் போகாது, மீனும் முள்ளும் சேர்ந்தே ஆற்றோடு போகும்.

இந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் நம் தாத்தா தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்தவர். பள்ளியில் "ஹால் அண்ட் நைட்" அல்ஜீப்ரா படித்தவர்கள் நம் வளாகத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்த எச். எஸ். ஹால், இங்கிலாந்தில் கிளிஃப்டன் கல்லூரிப் பள்ளியின் கணித ஆசிரியர்; தூண்டில் பிரியரும்கூட. 1870களின் இறுதியில் அவரும் ஜார்ஜ் பேங்கார்ட் என்ற நண்பரும் மெல்லிய, வலுவான, கண் வைத்த முட்களை உருவாக்கிப் பரவச் செய்தார்கள். தூண்டில் கயிற்றை நேரே அந்தக் கண்ணில் கோத்து முடிச்சுப் போடலாம். அதன் பிறகு நூல் மீனின் பாரத்தைத் தாங்க வேண்டிய அவசியம் இல்லை. இறகையும் ரோமத்தையும் பிடித்தால் போதும்.

பாரம் குறைந்ததும் நூலை இன்னும் மெல்லியதாக்க முடிந்தது. மெல்லிய நூல் என்றால் சிறிய ஃப்ளை, நிஜப் பூச்சிக்கு நெருக்கமான ஃப்ளை. ஹாலின் நண்பர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் 1886இல் வெளியிட்ட மிதக்கும் ஃப்ளை பற்றிய புத்தகம் இந்த மாற்றத்தின் விளைவு. அதே காலத்தில் வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் டி. இ. பிரிட் என்பவர் 1885இல் அந்தப் பகுதி ஃப்ளைகளைத் தொகுத்தார். அவற்றில் பலவற்றுக்கு உடலே வெறும் பட்டு நூல்தான். மேலே ஒரு சுற்று இறகு. மெழுகு பூசினால் பட்டின் நிறம் ஆழமாகும், நனைந்தால் இன்னும் மாறும். அதனால் எந்த நூல், எந்த நிறம் என்பதில் அவர்கள் மிகவும் கண்டிப்பு. 1795இல் தொடங்கிய பியர்சல்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் "காஸமர்" பட்டு நூலுக்கு இன்றும் பழைய கண்டுகளைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நூல் மெல்லியதாக ஆக, அறுவதும் எளிதானது. விரலின் வேலை முன்பைவிடக் கடினமானது.

ஜன்னலோர மேஜைகள்

புத்தகம் எழுதிய பெரிய மனிதர்களின் பெயர்கள் எளிதில் கிடைக்கின்றன. கடைகளில் விற்ற ஃப்ளைகளைக் கட்டியவர்களில் ஏராளமானோர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் பதிவாகவில்லை. இரண்டு பெயர்கள் விதிவிலக்கு.

ஒருவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மேரி ஆர்விஸ் மார்பரி. அவருடைய தந்தை சார்ல்ஸ் ஆர்விஸ் 1856இல் மான்செஸ்டர் ஊரில் தூண்டில் சாமான் கடை தொடங்கியவர். 1876இல் மேரி அங்கே ஃப்ளை கட்டும் பிரிவின் பொறுப்பை ஏற்று, பெண் தொழிலாளர்களை வைத்து நடத்தினார். அப்போது ஒரே ஃப்ளைக்கு ஊருக்கு ஒரு பெயர், ஒரே பெயரில் ஊருக்கு ஒரு ஃப்ளை என்று குழப்பம். பல மாநிலத் தூண்டிற்காரர்களின் கடிதங்களைத் திரட்டி, வண்ணப் படங்களோடு அவர் 1892இல் வெளியிட்ட புத்தகம் அந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது.

மற்றவர் ஸ்காட்லாந்தின் வடகோடியில், புரோரா ஊருக்கு அருகில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்த மேகன் பாய்ட் (1915–2001). சிறுமியாக இருந்தபோது அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், கட்டிய ஃப்ளையைப் பிரித்து, அதே பொருள்களை அதைவிடச் சிறிய முள்ளில் மறுபடி கட்டச் சொன்னார். நூலை எவ்வளவு சிக்கனமாக, எவ்வளவு சீரான இறுக்கத்தோடு ஓட்டவேண்டும் என்பதை விரலுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சால்மன் ஃப்ளைகளைக் கட்டினார். 1971இல் பிரிட்டிஷ் அரசு பதக்கம் அறிவித்தபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அரண்மனைக்குப் போகவில்லை.

சால்மன் ஃப்ளை என்றதும் நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லியாகவேண்டும். விக்டோரியா காலத்துச் சால்மன் ஃப்ளைகள் உலகம் முழுவதிலுமிருந்து வந்த இறகுகளின் கண்காட்சி. ஜார்ஜ் கெல்சன் 1895இல் எழுதிய பெரிய புத்தகத்தைப் புரட்டினால் அது தெரியும். அவற்றில் அடிக்கடி வரும் ஒன்று தீபகற்ப இந்தியாவுக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. இறகின் நுனியில் வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் பொட்டு இருக்கும். ஃப்ளையில் அது மீன் கண் மாதிரி தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் திரிந்த பறவையின் இறகு, ஸ்காட்லாந்து ஆற்றில் பட்டு நூலின் பிடியில் மிதந்தது. இன்று அந்தப் பறவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. யாராவது "ஒரிஜினல் காட்டுக்கோழி இறகு" என்று இங்கே விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கை விடுபட்டது, நூல் விடுபடவில்லை

19ஆம் நூற்றாண்டில் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சிறிய வைஸ் மெல்ல மெல்லப் புழக்கத்துக்கு வந்தது. இடது கைக்கு விடுதலை. ஆனால் நூலை யார் பிடிப்பது? இறகை எடுக்கவேண்டும், மெழுகைத் தேய்க்கவேண்டும், கத்தரிக்கோலைத் தேடவேண்டும். நூலை விட்டால் மெழுகின் பிடி கொஞ்ச நேரத்துக்குத்தான்.

இதற்குப் பல உபாயங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒற்றைச் சுருக்கு போட்டுவிட்டுக் கையை எடுப்பார்கள். இறகைப் பிடிக்கும் சின்ன இடுக்கியை நூல் நுனியில் மாட்டித் தொங்கவிடுவார்கள். அதன் எடை நூலை இழுத்து வைத்திருக்கும். இந்த இரண்டாவது உபாயத்தில்தான் பாபினின் விதை இருக்கிறது. நூலில் ஒரு எடை தொங்கினால் கை தேவையில்லை. அந்த எடையே நூல்கண்டாக இருந்தால் நூலை வெட்டவும் தேவையில்லை.

நூலும் இந்த மாற்றத்துக்குத் துணைபோனது. 1935இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கியது. 1938இல் உலகுக்கு அறிவித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு அமெரிக்காவுக்கு வருவது நின்றது. நைலானும் பாராசூட்டுக்குப் போனது. போர் முடிந்ததும் மெல்லிய, மலிவான, மக்காத செயற்கை நூல் எல்லா இடத்திலும் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் நைலான் வழுக்கும், இழுத்தால் நீளும். மெழுகு பூசிய பட்டைப்போல் சுற்றிய இடத்தில் சமர்த்தாக நிற்காது. விட்டால் சுருள் சுருளாகப் பிரியும். அதற்கு விடாத இழுப்பு தேவை.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கம்பிக் கரமும் குழாயும் கொண்ட பாபின் வீட்டுக்கு வீடு பரவியது. இந்த வடிவத்தைச் செம்மையாகச் செய்து பெயர் வாங்கியவர்களில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவின் ஃபிராங்க் மட்டரெல்லி. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளைத்து, மெல்லிய குழாயைச் சேர்த்து அவர் செய்த பாபின்களும், கடைசி முடிச்சுப் போடும் கருவிகளும் உலகம் முழுதும் ஃப்ளை கட்டுபவர்களின் மேஜையில் இடம்பிடித்தன. இன்று நாம் வாங்கும் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அதே அடிப்படை வடிவம்தான்.

விரலின் மூன்று வேலைகளும் இப்போது உலோகத்துக்குப் போய்விட்டன. பிடிப்பது கண்டின் எடை. விட்டுக்கொடுப்பது கரங்களின் ஸ்பிரிங். உரசாமல் வழிகாட்டுவது குழாயின் வாய். இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் நூல் அறும். விரலாக இருந்தால் தவறைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும். உலோகத்துக்கு அது தெரியாது. அதனால்தான் பாபினைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனம் வேண்டியிருக்கிறது.

குழாயின் வாய்

மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். குழாயை வெட்டும்போது விளிம்பில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறு, மெல்லிய நூலுக்கு ரம்பம். நல்ல உற்பத்தியாளர்கள் விளிம்பை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விரித்து மெருகேற்றுகிறார்கள்.

மெருகேற்றிய உலோகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. கிணற்றுக் கயிறு கல்லில் தடம் பதிப்பதுபோல், நாளடைவில் நூல் உலோகத்தில் பள்ளம் போடும். 1965இல் டுபாண்டில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் போன்ற வலுவான இழைகள் ஃப்ளை நூலாக வந்தபோது இந்தப் பிரச்சினை கூடியது. இதற்கு விடை செராமிக். குழாய் முழுவதுமோ, வாயில் ஒரு வளையமாகவோ செராமிக் வைத்த பாபின்கள் வந்தன. கோவை, திருப்பூர் பக்கம் நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நூல் ஓடும் வழியில் வைக்கும் கண்கள் செராமிக்கில் இருப்பது ஆலைகளில் சர்வசாதாரணம். செராமிக் மிகவும் கடினமானது, வழவழப்பானது. ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட செராமிக் வாய், பிசிறு உள்ள உலோகத்தைவிட மோசம்.

நூலின் எண்ணில் ஒரு குழப்பம்

"அறுகிறது" என்று சொல்பவர்கள் எந்த நூலை எந்தப் பாபினில் போட்டார்கள் என்றும் பார்க்கவேண்டும். ஃப்ளை நூலின் மேல் 6/0, 8/0 என்று எழுதியிருக்கும். முதல் எண் கூடினால் நூல் மெல்லியது. ஆனால் இது எல்லோருக்கும் பொதுவான அளவு அல்ல. டான்வில் நிறுவனத்தின் 6/0 சுமார் 70 டெனியர். யூனி நிறுவனத்தின் 6/0 சுமார் 135 டெனியர். எண் ஒன்று, பருமன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

டெனியர் நம்பகமான கணக்கு. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். பட்டு வியாபாரத்தில் பிறந்த அளவு இது. நம் பட்டு நெசவாளர்களும் இன்றுவரை டெனியரில்தான் பேசுகிறார்கள். கண்டில் டெனியர் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 135 டெனியருக்கு அருகில் உள்ள நூல் பொறுமையானது. 70க்குப் பிறகு போகலாம்.

கடையில், அல்லது பார்சல் வந்ததும்

இதுவரை பார்த்த வரலாற்றையே ஒரு சோதனைப் பட்டியலாக மாற்றிக்கொள்ளலாம்.

1. வாய். பூதக்கண்ணாடி இருந்தால் வெளிச்சத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் பஞ்சையோ பழைய நைலான் சாக்ஸையோ விளிம்பில் லேசாகத் தேய்க்கவும். இழை மாட்டினால் பிசிறு இருக்கிறது, திருப்பி அனுப்பலாம். குழாயின் உள்பக்க முனையையும், அதாவது கண்டின் பக்கம் இருக்கும் வாயையும் இப்படியே பாருங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

2. பிடிப்பு. வைஸில் ஒரு முள்ளை வைத்துப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, பாபினை விட்டுவிடுங்கள். அது தொங்கியபடி அசையாமல் நிற்கவேண்டும். தானாகக் கீழே இறங்கினால் கரங்களின் பிடி போதாது.

3. விட்டுக்கொடுத்தல். இப்போது பாபினை மெதுவாகக் கீழே இழுங்கள். நூல் அறுவதற்கு முன்பே கண்டு சுழன்று நூல் வெளிவர வேண்டும். வராமல் அறுந்தால் பிடி அதிகம். கண்டைக் கழற்றிவிட்டு, இரு கரங்களையும் கொஞ்சம் வெளிப்பக்கம் விரித்து மறுபடி மாட்டிப் பாருங்கள். தளர்வாக இருந்தால் உள்பக்கம் வளைக்கவும். ஒரே தடவையில் அதிகம் வளைக்காமல், துளித் துளியாக. "கை வரவில்லை" என்று சொன்னவர்கள் இந்த ஒன்றை மட்டும் செய்து பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இழுப்பைத் திருகி மாற்றும் வசதியுள்ள பாபின்களும் உண்டு; வசதிதான், ஆனால் கட்டாயம் இல்லை.

4. எடையும் கையும். கண்டு உள்ளங்கையில் படிய, குழாய் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வரவேண்டும். கனமான பாபின் மெல்லிய நூலுக்கு ஆகாது, தொங்கவிட்டாலே அறுத்துவிடும். சிறிய ஃப்ளைக்குக் குட்டைக் குழாய், பெரிய ஃப்ளைக்கும் ரோமம் அடர்ந்த ஃப்ளைக்கும் நீண்ட குழாய்.

5. கண்டின் அளவு. ஃப்ளை நூல்கண்டு சிறியது. வீட்டுத் தையல் நூல்கண்டை அதில் திணித்தால் கரங்கள் விரிந்து பிடிப்பு போய்விடும். தையல் கண்டுக்கென்று அகலமான பாபின்கள் தனியாக இருக்கின்றன.

6. எத்தனை? அடிக்கடி பயன்படுத்தும் நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாபின் இருந்தால், கண்டை மாற்றும்போதெல்லாம் இழுப்பைத் திருத்த வேண்டியதில்லை. தொடங்குபவர்களுக்கு நல்லதாக இரண்டு போதும்.

நூலைக் குழாயில் கோக்க மெல்லிய கம்பி வளையம் ஒன்று பெட்டியிலேயே இருக்கும். சிலர் குழாயில் வாயை வைத்து உறிஞ்சிக் கோப்பார்கள். சாயமும் மெழுகும் ஊறிய குழாய் அது. குழந்தைகளுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். மெழுகு அடைத்துக்கொண்டால் தடித்த நைலான் தூண்டில் நரம்பு ஒரு துண்டை உள்ளே விட்டுத் தள்ளினால் சுத்தமாகிவிடும்.

விரலுக்கு இன்னும் வேலை உண்டு

பாபின் வந்ததால் விரல் ஓய்வு பெற்றுவிட்டதா? அமெரிக்காவின் லீ வுல்ஃப் (1905–1991) வைஸே இல்லாமல், முள்ளை விரல்களில் பிடித்தே ஃப்ளை கட்டிக் காட்டியவர். கடுகளவு ஃப்ளைகளைக்கூட அப்படிக் கட்டினார். கருவி இல்லாமலும் முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அவ்வளவு பயிற்சி பெற நமக்கு நேரம் இல்லை. நல்ல பாபின் அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது. மேகன் பாய்டின் விரல் பல ஆண்டுகளில் கற்றதில் ஒரு பங்கை நமக்கு முதல் நாளே கொடுக்கிறது. மோசமான பாபின் நேர் எதிரானது. கற்றுக்கொள்ள வந்தவரை, "உனக்கு வராது" என்று நம்பவைத்து அனுப்பிவிடுகிறது. பத்து வயதுக் குழந்தையோ, பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பொழுதுபோக்கைத் தேடும் பெரியவரோ அப்படி ஒதுங்கிப் போவது வருத்தமான விஷயம்.

நம் மாநிலத்தில் இந்தக் கலைக்கு இடமும் உண்டு. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீன் நிலைத்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்ததும் அப்போதுதான். அங்கே தூண்டில் போட நினைப்பவர்கள் அனுமதி விவரங்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவும். போகாவிட்டாலும் பரவாயில்லை, பால்கனி மேஜையில் உட்கார்ந்து ஒரு ஃப்ளையை ஒழுங்காகக் கட்டி முடிப்பதே நிறைவான வேலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உடைந்த, வளைந்த தூண்டில் முட்களைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். நம் வளாகத்தின் குப்பையைத் தரம் பிரிப்பவர்கள் கையால்தான் பிரிக்கிறார்கள். ஒரு பழைய மாத்திரை டப்பாவில் சேர்த்து, மூடி ஒட்டி, "முள்" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். குழந்தைகள் பழகும்போது முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டுக் கொடுப்பதும் நல்லது.

பரணில் பெட்டியை ஏற்றி வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒருமுறை இறக்குங்கள். பாபினின் வாயைப் பஞ்சால் தடவிப் பாருங்கள், கரங்களைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் நூல் அறுந்தால் அப்போது கையைக் குறை சொல்லிக்கொள்ளலாம்.